உடம்பில்லாத எதிரியோடு சண்டை: டேபிள்டாப் ஆட்டத்தில் பேயை இறக்க முழுமையான வழிகாட்டி

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டம். தரையில் பதித்திருக்கும் தட்டோடுதான் எங்களுக்குக் கட்டம். ஒரு ஓடு ஆட்டக் கணக்கில் ஐந்து அடி. சாக்பீஸால் சுவர் வரைவோம். சோடா மூடி என்றால் வீரர்கள், புளியங்கொட்டை என்றால் சில்லறை அரக்கர்கள். ஆளுக்கொரு கதாபாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை டிஎம்மாக, அதாவது கதையையும் எதிரிகளையும் ஓட்டுபவராக, நான் நடத்தத் தொடங்கிய புதிதில் ரெய்த் என்ற ஒரு பேயை இறக்கினேன். சுவருக்குள்ளிருந்து வரும், தொடும், சுவருக்குள் போய்விடும். இரண்டு மணி நேரம் இதேதான். எங்கள் குழுவில் பாக்ஸிங் பழகுகிற தம்பி ஒருவன் உண்டு. கடைசியில் பகடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்:

"இன்னா அண்ணே, நான் குத்துனா அதுக்குப் படாது, அது குத்துனா எனக்கு மட்டும் படுமா? இன்னா நியாயம் இது?"

என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு ஆட்டம் அங்கேயே நின்றது. வீட்டுக்குப் போய் விதிப்புத்தகத்தை வரிவரியாகப் படித்தபோதுதான் புரிந்தது: உடம்பு இல்லாத எதிரிக்கு விதி கொடுக்கும் வசதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அதே பத்தியில் எழுதியிருக்கும் தடைகளை விட்டுவிட்டேன். உடம்பு இல்லை என்பது பேய்க்கு எவ்வளவு பலமோ அவ்வளவு தடை. அந்தத் தடைகளைத் தெரிந்துகொண்டு சரியாக அமல்படுத்தினால்தான் எதிரில் இருப்பவர்களுக்குச் சண்டை போட வழி கிடைக்கும். இந்த வழிகாட்டி முழுக்க அந்தத் தடைகளைப் பற்றித்தான்.

முதல் படி: எந்தப் புத்தகத்துப் பேய்?

நம்மூரில் பேய் என்றால் ஆளுக்கொரு படம் மனதில் வரும். கால் தரையில் படாது என்பார்கள், புளியமரத்தில் இருக்கும் என்பார்கள். பரணி இலக்கியத்துப் பேய்களுக்கோ வயிறும் பசியும் உண்டு. போர்க்களத்தில் கூழ் காய்ச்சிக் குடிக்கும். அவற்றைக் கத்தியால் வெட்ட முடியுமா என்று யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் அங்கே அது கேள்வியே இல்லை. ஆட்டத்தில் அதுதான் முதல் கேள்வி. அதனால் எந்தப் பதிப்பின் விதிப்படி ஆடுகிறோம் என்பதை ஆட்டத்துக்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

நான் ஆடியவை நான்கு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 3.5 பதிப்பு 2003-இல் வந்தது. அதிலிருந்து கிளைத்த பாத்ஃபைண்டர் முதல் பதிப்பு 2009. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு 2014. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு 2019. நான்கிலும் பேய் சுவரைத் தாண்டும். மற்றவை பலவற்றில் வித்தியாசம் உண்டு. ஒரு புத்தகத்தின் சுவர் விதியையும் இன்னொரு புத்தகத்தின் கவச விதியையும் சேர்த்தால், எந்தப் புத்தகமும் நினைத்துப்பார்க்காத பலத்தோடு ஒரு பேய் வந்து நிற்கும். நான் அன்றைக்குச் செய்த தப்பில் இதுவும் ஒன்று.

இரண்டாம் படி: யார் அடித்தால் படும்?

ஒரே அடியை நான்கு புத்தகத்திலும் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வீரனின் வாள் இலக்கில் பட்டது, டேமேஜ், அதாவது காயத்தின் அளவு, 9 என்று வைத்துக்கொள்வோம்.

3.5-இல் அது சாதாரண வாளாக இருந்தால் பேய்க்கு ஒன்றுமே ஆகாது. மந்திர வாளாக இருந்தால் இன்னொரு முறை பகடை உருட்டணும்: நூற்றுக்கு ஐம்பது வாய்ப்பில் அடி வீண். அதாவது 9 முழுசாக விழும், அல்லது பூஜ்யம். பாத்ஃபைண்டர் முதல் பதிப்பு இந்தச் சூதாட்டத்தை எடுத்துவிட்டு நேராகப் பாதியாக்கியது: மந்திர வாள் 4 (அரையை விட்டுவிடணும்), சாதாரண வாள் பூஜ்யம். ஐந்தாம் பதிப்பு இன்னும் தாராளம். 2014 புத்தகத்தின் கோஸ்ட், ஸ்பெக்டர் போன்ற பேய் வகைகளுக்குச் சாதாரண ஆயுதத்தின் மேல் ரெசிஸ்டன்ஸ், அதாவது பாதிக் காயம், மட்டும்தான். சாதாரண வாளால் 4, மந்திர வாளால் முழு 9. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் பேய்க்கு எல்லா டேமேஜிலும் ஒரு குறிப்பிட்ட எண்ணைக் கழிக்கணும், மந்திரமில்லாத அடி என்றால் அதன் இரட்டிப்பை. கழிவு 5 என்று வைத்தால், மந்திர வாள் 4, சாதாரண வாளுக்கு 10 கழிந்து பூஜ்யம்.

இதில் எனக்குப் பிடித்தது 3.5-இன் ஐம்பதுக்கு ஐம்பதுதான். அடி வாள் நுனி வரை போய்க் காற்றில் கரைகிற உணர்வு அதில் வருகிறது. ஆனால் புதியவர்கள் நிறைய இருக்கும் மேசையில் அதை வைக்க மாட்டேன். இலக்கில் பட்டதற்கு ஒருமுறை சந்தோஷப்பட்டவரை அடுத்த பகடையில் ஏமாற்றுவது மூன்றாவது முறையிலேயே சலித்துவிடும்.

தப்பிக்க முடியாத அடிகள் சில உண்டு, அவற்றை மனப்பாடமாக வைத்திருங்கள். ஃபோர்ஸ் (தூய மந்திர விசை) வகை மந்திரம், அதாவது மேஜிக் மிசைல் என்ற மந்திர அம்பு போன்றது, நான்கு புத்தகத்திலும் பேயின் மேல் முழுசாக விழும். பேயைத் தொடும்படி மந்திரித்த கோஸ்ட் டச் ஆயுதம் இருக்கும் புத்தகங்களில் அதுவும் முழுசு. 3.5-இல் உயிர்ச் சக்தியான பாசிட்டிவ் எனர்ஜிக்கும் ஐம்பது சதவீதத் தப்பு கிடையாது. ஐந்தாம் பதிப்பில் ரேடியண்ட் (புனித ஒளி) டேமேஜை கோஸ்ட், ஸ்பெக்டர் இரண்டும் குறைக்க முடியாது.

ரோக், அதாவது பதுங்கிக் குத்தும் வகை ஆள், ஆடுபவரிடம் தனியாகப் பேசுங்கள். பாத்ஃபைண்டர் இரண்டு பதிப்பிலும் மறைந்து குத்தும் கூடுதல் டேமேஜ் உடம்பில்லாததன் மேல் பொதுவாக வேலை செய்யாது. 3.5-இல் பேய் போல் செத்தும் நடமாடுபவை எதன் மேலும் அது பலிக்காது. ஐந்தாம் பதிப்பில் பலிக்கும். சண்டை நடுவில் இதைத் தெரிந்துகொள்கிறவரின் முகத்தை ஒருமுறை பார்த்திருக்கிறேன். முதலிலேயே சொல்லியிருக்கணும் என்று இன்றும் வருத்தம்.

மூன்றாம் படி: அது தொட்டால் கவசம் காக்குமா?

தம்பியின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. 3.5-இலும் பாத்ஃபைண்டர் முதல் பதிப்பிலும் பேயின் கை இரும்புக் கவசத்தையும் கேடயத்தையும் கெட்டித் தோலையும் ஊடுருவிப் போகும். 3.5 கணக்கில் முழு பிளேட் கவசம் 8, கனமான கேடயம் 2, சுறுசுறுப்பு 1, அடிப்படை 10 என்று 21 ஏசியோடு (அடி பட எதிரி எட்டவேண்டிய எண்) நிற்கும் வீரன் பேய்க்கு முன்னால் வெறும் 11. பக்கத்தில் பருத்தி அங்கியோடு நிற்கும் மந்திரவாதி மேஜ் ஆர்மர் என்ற மந்திரக் கவசம் போட்டிருந்தால், அது ஃபோர்ஸ் என்பதால் 4 நிற்கும். அடிப்படை 10, சுறுசுறுப்பு 3 சேர்த்து 17. வழக்கமாக முன்னால் நிற்பவர் பின்னால் வரவேண்டும், பின்னால் ஒளிகிறவர் முன்னால் போகவேண்டும். இந்தத் தலைகீழ் மாற்றத்தை ஆடுபவர்களே கண்டுபிடிக்க விடுங்கள். ஆனால் "உன் கவசத்துக்குள்ளே சில்லென்று ஒரு கை போகிறது" என்று முதல் அடியிலேயே வர்ணித்துவிடுங்கள். அந்தக் குறிப்பு போதும்.

ஐந்தாம் பதிப்பிலும் பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பிலும் இப்படி இல்லை. கவசம் வழக்கம்போல் காக்கும், முழு ஏசியும் செல்லும். பழைய பதிப்பில் பழகிய டிஎம்கள் பழக்கதோஷத்தில் இங்கேயும் கவசத்தைக் கழித்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் 18 ஏசிக்காகக் காசு சேர்த்த வீரனுக்கு அநியாயம்.

நான்காம் படி: சுவர்

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். பேய்ச் சண்டை கெடுவதும் நன்றாக வருவதும் சுவரில்தான்.

எங்கள் பக்கத்தில் இரண்டு வகைச் சுவர் உண்டு. ஒன்று, வரிசை வீடுகளில் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான ஒற்றைச் சுவர். பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தால் இங்கே கேட்கும். இன்னொன்று, ஓல்ட் ஜெயில் ரோடு பக்கம் மிச்சமிருக்கும் பழைய மதில். ஐதர் அலியின் படையெடுப்புக்குப் பிறகு 18-ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி, இன்றைய ஜார்ஜ் டவுனான கறுப்பர் நகரத்தைச் சுற்றி எழுப்பியது அது. அந்த மதிலுக்காகப் போட நினைத்த வரியின் பெயர்தான் வால்டாக்ஸ் ரோட்டில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மதிலின் மேலேயே ஒரு பூங்கா வைத்திருக்கிறார்கள், மாடிப் பூங்கா என்று. மேலே பூங்கா வைக்கிற அளவுக்கு அகலமான சுவர் அது.

3.5 விதி இந்த இரண்டையும் வேறுவேறாகப் பார்க்கிறது. பேய் ஒரு பொருளுக்குள் நுழையலாம், ஆனால் அதன் வெளிப்பரப்பை ஒட்டியேதான் இருக்கணும். தன் இடத்தைவிடப் பெரிய பொருளை முழுசாக ஊடுருவ முடியாது. மனித அளவுப் பேயின் இடம் ஐந்து அடி. வரிசை வீட்டுச் சுவரைச் சாவகாசமாகத் தாண்டும். ஐந்து அடிக்கு மேல் கனமான மதிலை நேராகக் கடக்க முடியாது, மேலே பறந்தோ வாசல் வழியாகவோ வரணும். நான் முதலில் கோட்டைவிட்டது இதைத்தான். என் ரெய்த் மலையைக் குடைந்த குகையில் எங்கு வேண்டுமானாலும் நீந்திக்கொண்டிருந்தது. ஃபோர்ஸால் ஆன சுவரோ எவ்வளவு மெல்லியதானாலும் அதை நிறுத்திவிடும்.

அடுத்து, சுவருக்குள் இருக்கும்போது. 3.5-இல் அங்கே அதற்கு முழு மறைவு, யாரும் அடிக்க முடியாது. ஆனால் அதற்கும் வெளியே சரியாகத் தெரியாது. ஒட்டி நிற்பவர்களை உணரும், அவ்வளவுதான். உள்ளே இருந்தபடி அடித்தால் அதன் அடியிலேயே ஐம்பது சதவீதம் வீணாகும். அடிக்கக் கை நீட்டும் கணத்தில் அதன் முழு மறைவு அரை மறைவாகக் குறையும். அந்தக் கணத்துக்காக ஆயத்தமாகக் காத்திருப்பவர் அடிக்கலாம். என் மேசையில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் ஒற்றை வித்தை இந்த ஆயத்தம்தான். பாக்ஸிங் தம்பிக்கு இது உடனே பிடிபட்டது. "அவன் கை நீட்டும்போதுதான் அண்ணே அவன் விலா தொறக்கும்" என்றான். கவுண்டர் பஞ்ச் தெரிந்தவனுக்கு விதி தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஐந்தாம் பதிப்பில் பேய்க்குச் சுவரும் ஆளும் கரடுமுரடான தரை போல. ஒரு அடி நகர இரண்டு அடி செலவாகும். தன் முறை முடியும்போது ஒரு பொருளுக்குள் நின்றால் அதற்கே ஒரு டி10 (பத்து முகப் பகடை) ஃபோர்ஸ் டேமேஜ். அதனால் வரும், அடிக்கும், மறுபக்கம் போய் நிற்கும். போகும்போது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர் ஒரு அடி அடிக்கலாம். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற எதிரி விலகும்போதுதான் அந்த அடி என்று விதி சொல்கிறது. சுவருக்குப் பின்னால் போனபிறகு தெரியாதே என்று வாதாடுவார்கள். சுவரில் நுழைகிற கணத்திலேயே அடிக்க விடுகிறேன், இது என் தீர்ப்பு. இன்னொரு நுணுக்கம்: ஆயத்தமாகக் காத்திருந்து அடித்தவர் அந்தச் சுற்றில் விலகல் அடி அடிக்க முடியாது, தன் முறைக்கு வெளியே செய்யும் செயலான ரியாக்‌ஷன் ஒன்றுதான். எனவே எல்லோரும் ஆயத்தமாகக் காத்திருப்பது நல்ல திட்டம் இல்லை. ஒருவராவது சும்மா நிற்கணும்.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு சுருக்கமாகவே முடித்துவிடுகிறது. பொருளுக்குள் இருக்கும் பேய்க்கு வெளியே எதுவும் தெரியாது, யாரையும் அடிக்க முடியாது. அங்கேயே தன் முறையைத் தொடங்கினால் ஒரு ஆக்‌ஷன் போச்சு.

இதையெல்லாம் கட்டத்தில் காட்டுவதற்கு என் தீர்வு கண்ணாடி வளையல். புளியங்கொட்டையைச் சாக்பீஸ் கோட்டின் மேல் வைத்தால் உள்ளேயா வெளியேயா என்று சண்டை வரும். வளையலைக் கோட்டின் மேல் படும்படி வைத்தால் சுவருக்குள், கோட்டைத் தொடாமல் வைத்தால் வெளியே. உள்ளே கோடு தெரிவதால் ஒரு பார்வையில் விஷயம் முடிந்துவிடும். பேய் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத சுற்றில் வளையலை எடுத்து என் மடியில் வைத்துக்கொள்வேன்.

ஐந்தாம் படி: பிடிக்க முடியாது, அதனாலும் முடியாது

பேயைக் கட்டிப்பிடிக்கவோ காலை வாரவோ முடியாது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதனால் உங்களையும் பிடிக்க முடியாது, தள்ள முடியாது, கையிலிருக்கும் சாவியைப் பிடுங்க முடியாது என்பதுதான் மறந்துபோகும். 3.5-இல் அதற்கு வலிமை என்ற எண்ணே கிடையாது. அடிப்பதற்குச் சுறுசுறுப்பைத்தான் சேர்ப்பார்கள். எடை இல்லாததால் மிதித்தால் இயங்கும் பொறி அதற்கு இயங்காது, அதனால் அதுவும் அந்தப் பொறியை உங்கள் மேல் இயக்க முடியாது. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் வலிமை சார்ந்த முயற்சி எதுவும் இரு பக்கமும் செல்லாது. ஐந்தாம் பதிப்பில் கோஸ்டுக்குப் பிடிபடுதல், விழுதல், கட்டுண்ணல் எதுவும் பாதிக்காது என்று இருக்கிறது, ஆனால் தள்ளி நகர்த்துவதற்குத் தடை எழுதப்படவில்லை. ஆவியைத் தோளால் இடித்து ஐந்தடி தள்ளுவதை நான் அனுமதிப்பதில்லை. பதிலுக்கு அதுவும் யாரையும் தள்ளாது என்று சொல்லிவிடுவேன்.

ஆறாம் படி: காயத்துக்கு மேலே போகும் காயம்

ஷேடோ என்ற நிழல் பேய் வலிமையைத் தின்னும்: 3.5-இல் ஒரு தொடலுக்கு ஒரு டி6, ஐந்தாம் பதிப்பில் ஒரு டி4. வலிமை பூஜ்யமானவர் செத்து, தானும் ஷேடோவாக எழுவார், 3.5-இல் சில சுற்றுகளில், ஐந்தாம் பதிப்பில் சில மணி நேரத்தில். (ஐந்தாம் பதிப்பு ஷேடோ சுவரைத் தாண்டாது, இடுக்கில்தான் நுழையும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.) ஐந்தாம் பதிப்பு கோஸ்டின் முகத்தைப் பார்த்துப் பயந்தவர், தேவையான எண்ணுக்கு ஐந்தோ அதற்கு மேலோ குறைவாக உருட்டியிருந்தால், பத்து முதல் நாற்பது வயது கூடிவிடும். 24 மணி நேரத்துக்குள் கிரேட்டர் ரெஸ்டோரேஷன் என்ற மந்திரம் கிடைத்தால்தான் மீளும். எந்தக் காயம் ஓய்வெடுத்தால் ஆறும், எது ஆறாது என்பதை முதல் தொடலுக்குப் பிறகே சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்துப் பிறகு சொன்னால் பயம் வராது, கோபம்தான் வரும்.

உடம்பில் ஏறுவது பற்றி ஒரு வார்த்தை. கோஸ்ட் ஒருவருடைய கேரக்டருக்குள் புகுந்தால் அவர் கையிலிருந்து ஆட்டம் போய்விடுகிறது. சாமியாடுவதையும் பேய் ஓட்டுவதையும் சொந்த வீட்டில் பார்த்து வளர்ந்தவர்கள் நம் மேசையில் உட்கார்ந்திருக்கலாம். முன்பே தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், வேறு பேய் ஆயிரம் இருக்கிறது. அதேபோல் தெருவில் உண்மையாகவே இறந்தவரை, காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போய்த் திரும்பாதவரை ஆட்டத்துப் பேயாக்காதீர்கள். எங்கள் மாடியில் பேசுவது கீழ்வீட்டு ஆயாவுக்குக் கேட்கும். அந்த ஆயாவுக்கு அது ஆட்டம் இல்லை.

ஏழாம் படி: கையில் ஏதாவது கொடுங்கள்

பேய் வரும் வாரத்துக்கு முந்தைய வாரமே கடையையோ புதையலையோ காட்டுங்கள். புனித நீர் 3.5-இலும் ஐந்தாம் பதிப்பிலும் 25 தங்கக் காசு. 3.5-இல் புட்டியை எறிந்தால் உடைய உடம்பு இல்லை. ஒட்டி நின்று திறந்து ஊற்றணும், டேமேஜ் இரண்டு டி4. ஐந்தாம் பதிப்பில் 20 அடி வரை எறியலாம், இரண்டு டி6 ரேடியண்ட். 3.5-இல் வாளை ஒரு நிமிடம் மந்திர வாளாக்கும் மேஜிக் வெப்பன் எண்ணெய் 50 காசு. சண்டை போட வழியே இல்லாத ஒருவர்கூட மேசையில் இருக்கக்கூடாது.

எட்டாம் படி: ஒரு சண்டையை ஓட்டிப் பார்ப்போம்

இடத்தை ராயபுரம் ரயில் நிலையத்தை மனதில் வைத்து வரைந்தேன். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. உயரமான தூண்கள், நீளமான கூடம். பேய்க்கு ஒளியவும் நமக்கு வரையவும் வசதி. ஐந்தாம் பதிப்பு ஸ்பெக்டர்: ஏசி 12, ஹிட் பாயிண்ட் (உயிர்க் கணக்கு) 22, பறக்கும் வேகம் 50 அடி. எதிரே ஒரு வீரன், ஒரு மந்திரவாதி, ஒரு கிளெரிக் (பூசாரி).

முதல் சுற்றில் டிக்கெட் அறைச் சுவரிலிருந்து ஸ்பெக்டர் வந்து கிளெரிக்கைத் தொட்டது. மூன்று டி6, 11 டேமேஜ். உடல் திடத்துக்கு 10 வேண்டும், 13 உருட்டியதால் உச்ச ஹிட் பாயிண்ட் குறையவில்லை. அது வீரனைத் தாண்டிச் சுவருக்குள் திரும்பும்போது விலகல் அடி: சாதாரண வாள், 9, பாதியாகி 4. மீதி 18. அதன் முறை முடியும்போது மறுபக்கம் வெளியே நிற்கிறது, யாருக்கும் தெரியவில்லை. வளையல் என் மடியில். இப்போது மந்திரவாதியும் கிளெரிக்கும் "அது யார் மேலாவது கை ஓங்கினால்" என்று ஆயத்தமானார்கள். தம்பியின் வீரன் வேண்டுமென்றே கூடத்தின் நடுவில் போய் நின்றான். சுவரிலிருந்து தூரம், பேய் வெளியே வந்தே ஆகணும்.

இரண்டாம் சுற்றில் அது அவனிடமே வந்தது. உருட்டியது 9, கூட்டல் 4, மொத்தம் 13. அவன் ஏசி 18, படவில்லை. உடனே மேஜிக் மிசைல் மூன்று அம்பு, மொத்தம் 11, குறைப்பு எதுவும் இல்லை. மீதி 7. கிளெரிக் எறிந்த புனித நீர் பட்டது, இரண்டு டி6-இல் 8. வளையலைத் தரையிலிருந்து எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தேன்.

கடைசிப் படி: அது திரும்பி வருமா?

ஸ்பெக்டர் அழிந்தால் அழிந்ததுதான். 3.5-இன் கோஸ்ட் அப்படி இல்லை. அழித்த பிறகு இரண்டு டி4 நாளில் அதே இடத்துக்குத் திரும்ப முயற்சி செய்யும்: ஒரு டி20 உருட்டி, அதன் பலத்தைக் காட்டும் ஹிட் டைஸ் எண்ணைக் கூட்டி, 16-ஓ அதற்கு மேலோ வந்தால் வந்துவிடும். நிரந்தரமாக அனுப்ப ஒரே வழி, அது இங்கே தங்கியிருக்கும் காரணத்தைக் கண்டுபிடித்துத் தீர்ப்பது. அதனால் கோஸ்டை இறக்குவதற்கு முன் அந்தக் காரணத்தை ஒரு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏசி எழுதுவதற்கும் முன்னால். அதே நிலையத்தில் இன்னொரு முறை இறக்கிய கோஸ்டுக்கு நான் எழுதியது: "கடைசி ரயிலுக்கு விளக்குக் காட்டவில்லை." மூன்றாவது முறை அது திரும்பி வந்தபோது தம்பி வாளை உருவவில்லை. நடைமேடை ஓரத்தில் கிடந்த அரிக்கேன் விளக்கைத் தேடி எடுத்து, திரி ஏற்றி, தண்டவாளத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடிக்கிறேன் என்றான். அதற்குப் பகடை கேட்கவில்லை.